தூங்க விடாதீங்க

அன்றைக்கு என் அக்கா மகளுக்குக் கல்யாணம். நான்தான் தாய்மாமன், ஒரே மாமன். முதல் நாள் சாயங்காலமே மண்டபத்தில் இருந்திருக்க வேண்டும். நான் மின்வாரியத்தில் போர்மேன். அந்த வாரம் எங்கள் சப்-ஸ்டேஷனில் பராமரிப்பு வேலை நடந்ததால் லீவு கிடைக்கவில்லை. சீர்வரிசைச் சாமான்களை மட்டும் வேனில் அனுப்பிவிட்டு, மறுநாள் காலை ஏழு மணி வாக்கில் நானும் என் மனைவியும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். பாபநாசம் பக்கத்தில் எங்கள் வீடு. அங்கிருந்து மண்டபம் பன்னிரண்டு கிலோமீட்டர். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை.

நான் ஹெல்மெட் போட்டிருந்தேன். அவளுடையதை எடுத்து நீட்டினேன். "பூவை நசுக்கிக்கிட்டுப் போய் மேடையில நிக்கச் சொல்றீங்களா?" என்றாள். தலை நிறைய மல்லிகையும் கனகாம்பரமும். நான் ஹெல்மெட்டைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டேன். கம்பத்தில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் தலைக்கவசத்தைப் பற்றி நாள் தவறாமல் கத்துகிறவன் நான்.

தை மாதம், சம்பா அறுவடை நேரம். ஊருக்கு ஊர் தார் ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. ஒதுங்க இடமில்லாமல் இடது பக்கம் நெல்லின் மேல் வண்டியை விட்டேன். முன் சக்கரம் தண்ணீரில் போவதுபோல் நழுவியது. வேகம் ஒன்றும் இல்லை. வண்டி மெதுவாகத்தான் சாய்ந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவள் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தவள், பின்னால் போய் விழுந்தாள். தலை தாரில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது.

நெல் கிளறிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் ஓடி வந்து அவளைத் தூக்கி மடியில் சாய்த்துத் தண்ணீர் தெளித்தார்கள். கண் மூடியே இருந்தது. அரை நிமிஷம் இருக்கும், எனக்கு அது எவ்வளவோ நேரம். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, வீட்டைப் பூட்டினோமா?"

"பூட்டியாச்சு. நீ எப்படி இருக்க?"

எழுந்து உட்கார்ந்தாள். புடவையில் ஒட்டியிருந்த நெல்லைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். அந்தப் பெண்களிடம், "உங்க நெல்லை எல்லாம் கலைச்சுட்டோமே" என்று வருத்தப்பட்டாள். எனக்கு உயிர் வந்தது. வண்டியை நிமிர்த்தி ஏறும்போது, "வீட்டைப் பூட்டினோமா?" என்று மறுபடி கேட்டாள். அடுத்த ஊர் தாண்டுவதற்குள் இன்னொரு தடவை கேட்டாள். பதற்றத்தில் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டதும், நான் பதில் சொன்னதும் அவள் மனதில் தங்கவே இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

"ஆஸ்பத்திரியில காட்டிட்டுப் போயிடலாமா?" என்று நான் கேட்டது உண்மை. வற்புறுத்தவில்லை என்பதும் உண்மை.

"எதுக்கு? ரத்தம் வந்துச்சா? ஒண்ணுமில்ல." வலது காதுக்கு மேலே கொஞ்சம் வீங்கியிருந்தது. பூவை இழுத்து அதன்மேல் விட்டுக்கொண்டாள். "அண்ணிகிட்ட சொல்லிடாதீங்க. நல்ல காரியத்துக்கு வர்றப்ப மாமனும் மாமியும் வழியில விழுந்தாங்கன்னா அவங்க மனசு என்னத்துக்கு ஆகும்? யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

சரி என்றேன். ஷாக் அடித்த ஆள் எழுந்து நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும், அடி உள்ளே இருக்கும், வெளியே தெரியாது என்று எங்கள் ஆட்களுக்குப் பாடம் எடுக்கிற நான் சரி என்றேன்.

மண்டபத்தில் அவள் நன்றாகத்தான் இருந்தாள். எல்லாரிடமும் பேசினாள். தட்டுகளை வரிசையாக எடுத்து வைத்தாள். அவள் வீட்டில் வைத்து ரவிக்கை தைக்கிறவள். கல்யாணப் பெண்ணின் ரவிக்கை அவள் தைத்ததுதான். மணப்பெண் அறைக்குப் போய் தோள்பட்டையில் இரண்டு ஊசி குத்திச் சரிசெய்து கொடுத்தாளாம். டிபனுக்குக் கூப்பிட்டபோது மட்டும் வேண்டாம் என்றாள். எட்டரைக்கு என்னைத் தேடி வந்து, "தலை விண்ணுவிண்ணுன்னு தெறிக்குதுங்க. மேளச் சத்தம் தாங்கல. கொஞ்சம் படுத்துக்கிறேன்" என்றாள். மணப்பெண் அறையிலேயே ஒரு ஓரமாகப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கு வாந்தி எடுத்தாள் என்று யாரோ வந்து சொன்னார்கள். நான் ஓடினேன். அதற்குள் அறையில் இருந்த பெண்கள் காரணம் கண்டுபிடித்திருந்தார்கள். வெறும் வயிற்றில் காபி, பித்தம். ஒருத்தி எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டு வந்தாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். பார்வை என் மேல் நிற்காமல் வழுக்கிப் போனது. "தூக்கம் வருது" என்றாள். சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள்.

தூங்குகிறாளே, வலி குறைந்துவிடும் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. வாசலில் அக்கா நின்று அவசரப்படுத்தினாள். "தம்பி, ஐயர் கூப்பிடுறார்டா. மாமன் பட்டம் கட்டணும். அவ தூங்கி எழுந்திருக்கட்டும், வா."

போனேன். மேடையில் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டினேன், மாலை போட்டேன். வீடியோக்காரர் இன்னொரு தடவை கட்டுவதுபோல் காட்டச் சொன்னார். காட்டினேன். பிறகு பெண்ணைக் கூறைப்புடவை மாற்ற அறைக்கு அழைத்துப் போனார்கள். ஐந்து நிமிஷம் கழித்து உள்ளிருந்து ஒரு குரல் சத்தமாகக் கேட்டது. சண்டை போடுகிற குரல். நான் உள்ளே ஓடினேன்.

அது பெண்ணுக்கு மேக்கப் போட வந்தவள். முப்பது வயது இருக்கும், பேராவூரணிக்காரி. கூறைப்புடவையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிவிடாமல் நின்றிருந்தாள். பெண் உள்பாவாடையோடு அழுகிற மாதிரி நின்றது. எல்லாரும் பாயில் கிடந்த என் மனைவியைச் சுற்றி நின்றார்கள்.

"இவங்க வீட்டுக்காரர் யாரு?"

"நான்தான்."

"எவ்வளவு நேரமா இப்படித் தூங்குறாங்க?"

"அரை மணி நேரம் இருக்கும்."

"தட்டி எழுப்பிப் பாத்தீங்களா? நான் எழுப்பினேன், எழுந்திருக்கல. கிள்ளினா கையை மட்டும் லேசா இழுக்கிறாங்க. அதுவும் ஒரு கையைத்தான். சார், இவங்க எங்கயாவது விழுந்தாங்களா? தலையில ஏதாவது அடிபட்டுச்சா?"

அக்கா என் பக்கத்தில் நின்றாள். மஞ்சள் தேங்காய்த் தட்டு கையில். வெளியே மேளம். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"இல்ல" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். கொடுத்த வாக்கு ஒன்று. அக்காவின் முகம் ஒன்று. அதற்கும் மேலே, 'ஆமாம்' என்று சொன்னால் அது நடந்ததாகிவிடும் என்ற பயம். 'இல்ல' என்ற வார்த்தை வெளியே வந்ததும் அறையில் எல்லாரும் லேசாக மூச்சு விட்டார்கள். "அதான் பித்தம்னு சொன்னோமே, நீ புடவையைக் கட்டும்மா, நேரமாகுது" என்று ஒருத்தி அவளை அதட்டினாள்.

அவள் கட்டவில்லை. குனிந்து என் மனைவியின் முகத்தருகே காதை வைத்தாள். "இது தூக்கமில்ல சார். இந்தக் குறட்டையைக் கேளுங்க. எங்க அண்ணன் இப்படித்தான் தூங்கினான். தென்னை மரத்துல பாதியிலேருந்து விழுந்தான். எழுந்து நடந்து வந்தான், டீ குடிச்சான், பேசினான். தலை வலிக்குதுன்னு படுத்தான். தூங்கட்டும்னு நாங்க கதவைச் சாத்தி வெச்சோம்." அதற்குமேல் அவள் சொல்லவில்லை.

அப்போதுதான் நான் காதுகொடுத்துக் கேட்டேன். கர்ர்ரென்று அடித்தொண்டையிலிருந்து வந்த ஒரு சத்தம், நடுவில் நின்று நின்று. இருபத்தாறு வருஷமாக அவள் பக்கத்தில் படுக்கிறேன். அவள் குறட்டை விட்டு நான் கேட்டதில்லை.

"விழுந்தா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சத்தமாகச் சொன்னேன். "விழுந்தா. வர்ற வழியில ஸ்கூட்டர்லேருந்து. தலை தரையில அடிச்சுது. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு."

அக்கா கையிலிருந்த தட்டு சாய்ந்து தேங்காய் உருண்டது. "ஐயோ, ஏன்டா சொல்லல?" என்றாள்.

மேக்கப் பெண் செல்போன் விளக்கைப் போட்டு, என் மனைவியின் இமைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். இடது கண்ணின் நடுக் கறுப்பு வெளிச்சம் பட்டதும் சுருங்கியது. வலது கண்ணில் அது பெரிதாக விரிந்து அப்படியே நின்றது. "அண்ணனுக்கும் ஒரு கண்ணு இப்படித்தான் இருந்துச்சுன்னு டாக்டர் அப்புறமா சொன்னார்" என்றாள். "தூங்க விடாதீங்க. எலுமிச்சம்பழம், சோடா எதுவும் வாயில ஊத்தாதீங்க, மூச்சுக்குழல்ல போயிடும். 108-க்குப் போடுங்க."

போட்டேன். அவள் எனக்குச் சொல்லித்தந்தாள்: கழுத்து அசையாமல் தலையையும் உடம்பையும் சேர்த்து ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். நாலு பேர் சேர்ந்து அப்படித் திருப்பினோம். வாயில் கொஞ்சம் எச்சில் வழிந்தது. குறட்டைச் சத்தம் குறைந்து மூச்சு சீராக வந்தது. நான் அவள் காதருகே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வண்டி வர பதினைந்து நிமிஷம். அந்த நேரத்தில்தான் அந்த மேக்கப் பெண் எங்களுக்குப் பின்னால் திரும்பி நின்று மணப்பெண்ணுக்குக் கூறைப்புடவையைக் கட்டி முடித்தாள்.

ஸ்ட்ரெச்சர் பந்தி நடக்கிற பக்கமாகப் பின்வாசல் வழியாகப் போனது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையில் கை வைத்தபடி பார்த்தார்கள். நான் பட்டு வேட்டியோடு வண்டியில் ஏறினேன். தாலி கட்டுகிற மேளம் எங்களுக்குப் பின்னால் கேட்டது.

வண்டியில் இருந்த டெக்னீஷியன் இளைஞர், ஆனால் நிதானமானவர். கழுத்துக்குப் பட்டை போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தினார். கண்ணில் டார்ச் அடித்தார்.

"நடுவுல நல்லா பேசினாங்களா?"

"பேசினா. நடந்தா. வேலைகூட செஞ்சா."

"விழுந்ததும் மயக்கம் வந்துச்சா? கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாங்களா?"

வீட்டைப் பூட்டினோமா என்று மூன்று தடவை கேட்டதைச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். பிறகு டிரைவரிடம், "அண்ணே, பக்கத்து ஆஸ்பத்திரி வேணாம். அங்க ஸ்கேன் எடுத்துத் தலையைத் திறக்க ஆள் இல்ல. நேரா தஞ்சாவூர்" என்றார். போன் செய்து முன்கூட்டியே தகவல் கொடுத்தார். "தலைக்காயம், பெண், நாப்பத்தெட்டு வயசு, நடுவுல தெளிவா இருந்தவங்க, இப்ப வலது கண்ணு விரிஞ்சிருக்கு."

ஒரு இடத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் நெல் மூட்டை லாரி இரண்டு. சைரன் அடித்து என்ன பயன்? ரயில் வரவில்லை, வரவில்லை. அவள் மூச்சு நின்று, பிறகு வேகமாக வந்து, மறுபடி நின்றது. டெக்னீஷியன் மூச்சு கொடுக்கிற முகமூடிப் பையை அவள் முகத்தில் வைத்து அழுத்த ஆரம்பித்தார். "எண்ணுங்க சார், நான் அழுத்துறதுக்கு நீங்க எண்ணுங்க" என்றார். எனக்கு ஏதாவது வேலை கொடுக்கத்தான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். எண்ணினேன். பல தடவை தப்பாக எண்ணி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ரயில் போனது.

ஆஸ்பத்திரியில் எல்லாம் ஓட்டமாக நடந்தது. ஸ்கேன் எடுத்த சில நிமிஷத்தில் டாக்டர் அம்மா ஒருவர் என்னைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். மண்டையோட்டின் ஓரமாக வெள்ளையாக ஒரு திட்டு, எலுமிச்சம்பழத்தை நீளவாக்கில் பாதியாக வெட்டிய மாதிரி. "எலும்புல கீறல். அதுக்கு அடியில ஓடுற ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கு. எலும்புக்கும் மூளையைச் சுத்தியிருக்கிற உறைக்கும் நடுவுல ரத்தம் தேங்கி மூளையை ஒருபக்கமா அழுத்துது. கொஞ்சம் கொஞ்சமா தேங்கினதாலதான் நடுவுல அவங்க நல்லா இருந்தாங்க. இப்ப திறந்து எடுக்கணும். உடனே."

"பொழைச்சுப்பாளா?"

"நேரத்துக்கு வந்திருக்கீங்கன்னு சொல்ல முடியல. நேரம் போயிடுச்சுன்னும் சொல்ல முடியல. கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். நர்ஸ் வந்து தாலி, தோடு, மெட்டி எல்லாவற்றையும் ஒரு துணியில் முடிந்து கொடுத்தார். இன்னொரு பிளாஸ்டிக் பையில் அவளுடைய கூந்தல், பூவோடு சேர்த்து. வெளியே வராந்தாவில் என்னைப்போல் காத்திருந்தவர்கள், நெற்றியில் குங்குமமும் பட்டு வேட்டியுமாக நின்ற என்னை வினோதமாகப் பார்த்தார்கள். ஒருவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அவருடைய மகன் பைக்கில் விழுந்து ஏழாவது நாளாக உள்ளே இருக்கிறானாம். அதை அவராகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன்.

மதியம் இரண்டரைக்கு டாக்டர் வெளியே வந்தார். ரத்தக்கட்டியை எடுத்தாயிற்று, ரத்தம் கசிந்த இடத்தை அடைத்தாயிற்று, மூளை மறுபடி விரிகிறது, வலது கண் சுருங்கத் தொடங்கியிருக்கிறது. "இனிமே அவங்க முழிக்கணும்" என்றார்.

முழிக்க மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் ஒரு மணிக்கு ஒரு தடவை நர்ஸ் போய்ப் பெயரைக் கேட்பார், கையைப் பிடிக்கச் சொல்வார், கண்ணில் வெளிச்சம் அடிப்பார், ஒரு தாளில் எண்களை எழுதுவார். கதவுக் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. எங்கள் ஒரே மகன் மஸ்கட்டிலிருந்து வந்து சேர்ந்தான். மூன்றாம் நாள் காலை அக்கா வந்தாள், புதுப்பெண்ணையும் கூட்டிக்கொண்டு. பெண்ணின் கழுத்தில் தாலிக்கயிற்று மஞ்சள் இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. நான் செய்யாமல் விட்டுவந்த மாமன் காரியங்களை என் பெரியப்பா மகன் நின்று முடித்திருந்தான்.

அக்கா கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். என் பக்கம் திரும்பி, "என் மூஞ்சியைப் பாத்துத்தானே இல்லன்னு சொன்ன? என்னை என்னன்னுடா நினைச்ச?" என்றாள். அவள் அழுதாள். பிறகு ஃபிளாஸ்க்கைத் திறந்து எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

அன்று மதியம் என் மனைவி கண் திறந்து நர்ஸின் விரலை வலது கையால் பிடித்தாள். இடது கை வர இன்னும் ஐந்து நாள் ஆனது.

பதினாலாம் நாள் வீட்டுக்கு வந்தாள். ஆரத்தி எடுத்தோம். ஊரே வந்து பார்த்தது. "மறுபிறவி" என்றார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை. அதுவரை பயமாவது ஒரே திசையில் இருந்தது.

முதலில் சத்தம். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எழுந்து போய்விடுவாள். எப்போதும் யாரையும் கடிந்து பேசாதவள், பார்க்க வந்த பக்கத்து வீட்டம்மாவிடம், "நீங்க எப்ப கிளம்புவீங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். கரண்டி என்ற சொல் வராமல் கையால் காற்றில் கிளறிக் காட்டுவாள். வரவில்லை என்பதற்காக அழுவாள். காலை பத்து மணிக்கே களைத்துப் படுத்துவிடுவாள். ஆபரேஷனில் புத்தி மாறிவிட்டது, ஒரு தடவை மந்திரித்துப் பாருங்கள் என்று உறவில் பேசினார்கள். எனக்கும் அவள் வேண்டுமென்றே செய்கிறாள் என்று சில நேரம் தோன்றியது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் தோன்றியது.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது வீடு முழுக்கத் தீய்ந்த வாசனை. அடுப்பில் பால் வற்றிப் பாத்திரம் கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. அவள் இரண்டடி தள்ளி உட்கார்ந்து பாவாடைக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். "மூக்கு என்ன செத்தா போச்சு?" என்று கத்தினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"ஆமாங்க" என்றாள். "எனக்கு ஒண்ணும் தெரியல. சாம்பார் கொதிக்கிறது, பினாயில், பூ, எதுவும். ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததிலேருந்தே தெரியல. சொன்னா நீங்க பயப்படுவீங்கன்னு சொல்லல."

அடுத்த தடவை மருத்துவமனைக்குப் போனபோது, கட்டு பிரித்த காயத்தை மட்டும் காட்டாமல், இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். "இது எல்லாமே காயம்தான் சார். குணம் கெட்டுப்போனதில்ல. தலை அடிபடுறப்ப மூளை உள்ளுக்குள்ள குலுங்குது. வாசனை நரம்பு ரொம்ப மெல்லிசு, அறுந்துடும். கோபத்தை அடக்குற இடமும் முன்னாலதான் இருக்கு, அதுக்கும் அடி. கால் உடைஞ்சா ஊர் முழுக்கக் கட்டைப் பாக்குது. இதுக்குக் கட்டு தெரியாது, அவ்வளவுதான்."

பிசியோதெரபிப் பிரிவில் இருந்த ஒரு பெண் அவளிடம் என்ன வேலை செய்வீர்கள் என்று விசாரித்துவிட்டு, பயிற்சியை அதிலிருந்தே எடுத்தார். இடது கையால் ஹூக் மாட்டிக் கழற்றுவது. பெரிய ஊசியில் நூல் கோர்ப்பது. இருபது நிமிஷம் வேலை, அரை மணி நேரம் இருட்டு அறையில் ஓய்வு. ஒரு நேரத்தில் ஒரு காரியம். எதையும் மனதில் வைக்காமல் நோட்டில் எழுதுவது. எனக்கும் ஒரு பயிற்சி கொடுத்தார்: அவள் சொல் தேடும்போது நான் எடுத்துக் கொடுக்கக் கூடாது, பத்து எண்ணிக் காத்திருக்க வேண்டும். எனக்குத்தான் அது மிகக் கஷ்டமாக இருந்தது.

நான்காம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தையல் மெஷின் முன் உட்கார்ந்திருந்தவள் விறைத்துக் கீழே சரிந்தாள். வலிப்பு. கண் மேலே செருகிக் கை கால் வெட்டி இழுத்தது. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் சாவிக்கொத்தை அவள் கையில் திணிக்கப் போனார். நான் தடுத்தேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு, தலைக்கடியில் துணியை வைத்து, ஒருபக்கமாகத் திருப்பி, கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷமும் நான் அவளைப் பிடித்து அமுக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான காரியம் அதுதான். பிறகு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்திருந்த வலிப்பு மாத்திரையை அவள் இரண்டு வாரமாகவே நிறுத்தியிருந்தாள் என்பது அங்கேதான் தெரிந்தது. "அதைப் போட்டா மந்தமா இருக்கு. தையல் ஓட மாட்டேங்குது" என்றாள். டாக்டர் திட்டவில்லை. மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். "தானா நிறுத்தக் கூடாது. பிடிக்கலன்னா என்கிட்ட சண்டை போடுங்க" என்றார். அதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் சண்டை போடுகிறாள்.

மண்டபத்தில் நான் 'இல்ல' என்று சொன்னதை அவளுக்கு நான் சொல்லவில்லை. அக்காதான் ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். அன்று மாலை அவள் என்னிடம் கேட்டாள்.

"நான் சொல்லக் கூடாதுன்னு சொன்னதாலயா?"

"அதனாலயும்தான்."

பத்து எண்ணினேன். இருபதுகூட எண்ணியிருப்பேன்.

"எனக்கு அந்த நாளே ஞாபகம் இல்ல" என்றாள். "விழுந்தது, மண்டபம், உங்ககிட்ட சத்தியம் வாங்கினது எதுவும் இல்ல. நீங்க சொல்லித்தான் தெரியும். அதனால எனக்குக் கோபப்படக்கூட ஒண்ணும் கிடைக்கல. ஆனா நீங்க அந்தப் பொண்ணைப் போய்ப் பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். பேராவூரணிக்குப் போய், இன்னும் நாலு பேர் முன்னால் எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அவள் ஒரு பெண்ணுக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தாள். "அக்கா எப்படி இருக்காங்க?" என்றாள். சொன்னேன். "சரி" என்றாள். அவள் கண் கலங்கியது, ஆனால் கை நிற்கவில்லை.

இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. இடது கை சரியாகிவிட்டது. வாசனை திரும்பவில்லை; வராது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் கேஸ் கசிந்தால் அலறுகிற கருவி ஒன்று மாட்டியிருக்கிறேன். ரவிக்கை தைக்கிறாள், முன்னைப்போல் நாளைக்கு ஐந்து இல்லை, ஒன்று. அளவை எல்லாம் இரண்டு தடவை எழுதுகிறாள். வெடுக்கென்று பேசுகிற அந்தப் பழக்கம் தங்கிவிட்டது. பழையவளைத் தேடிக்கொண்டிருந்தால் எதிரே இருக்கிறவளோடு வாழ முடியாது என்று புரிய எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று.

போன மாதம், குத்தாலத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குத் தனியாகப் பஸ்ஸில் போகிறேன் என்றாள். நான் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். கும்பகோணத்தில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு, கழுத்தில் அட்டையில் என் நம்பரையும் மாத்திரைப் பெயரையும் போட்டுக்கொண்டு காலை ஒன்பதரைக்குக் கிளம்பினாள். பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பன்னிரண்டு ஆனது. தங்கை போன் செய்து, இன்னும் வரவில்லையே மாமா என்றாள். இவள் போன் அடித்தது, எடுக்கவில்லை. நான் சப்-ஸ்டேஷனில் இருந்தேன். பெர்மிஷன் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். ஹெல்மெட்டுக்குள் என் மூச்சுச் சத்தமே எனக்கு இரைச்சலாக இருந்தது. சுந்தரப்பெருமாள்கோவில் தாண்டும்போது போன் அடித்தது. ஓரங்கட்டி எடுத்தேன்.

"என்னங்க, மாத்தி ஏறிட்டேன். திருவாரூர் பஸ்ஸு. பாதி தூரம் போனதும்தான் போர்டு பேர் வேறயா இருக்கேன்னு நோட்டைப் பாத்தேன். கண்டக்டர்கிட்ட சொன்னேன், எனக்குத் தலையில ஆபரேஷன் ஆயிருக்கு, நிதானமா சொல்லுங்கன்னேன். இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கம் நின்னு எந்த பஸ் ஏறணும்னு எழுதியே கொடுத்தார். இப்ப குத்தாலத்துலதான் இறங்கியிருக்கேன்."

"போனை ஏன் எடுக்கல?"

"ஒரு நேரத்துல ஒரு வேலைதானே" என்றாள். "பஸ் பாத்துக்கிட்டு இருந்தேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் காத்திருந்தாள். அவளும் மனதுக்குள் எண்ணியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

"நீங்க எங்க இருக்கீங்க? பின்னாடியே கிளம்பி வந்துட்டீங்களா?"

"இல்ல" என்று வாய்வரை வந்தது. "ஆமா, பாதி வழி வந்துட்டேன்" என்றேன்.

"திரும்பிப் போங்க" என்றாள். "சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸுக்கு நானே வந்துடுவேன்."

வண்டியைத் திருப்பினேன். வேலைக்குப் போனேன். ஐந்து மணியிலிருந்து ஏழேகால் வரை பஸ் ஸ்டாண்டில் நின்றேன். அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று டீக்கடைக்குள் தள்ளியே நின்றேன். பஸ் வந்தது. கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினாள். தங்கை கொடுத்தனுப்பிய பை கனமாக இருந்தது. அவள் இந்தப் பக்கம் பார்க்காமல் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.